மூளைக்குள் ஒளியைக் கொண்டுசேர்த்த வைரஸ்

1965இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அடினோவைரஸை ஆராய்ந்துகொண்டிருந்த அட்சிசன் குழுவினரின் கண்ணில், எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழே, அழைக்காமல் வந்த விருந்தாளி ஒன்று பட்டது. பெரிய வைரஸ்களுக்கு நடுவே பொடிப்பொடியாக வேறொரு துகள். பிரித்தெடுத்து வளர்த்துப் பார்த்தால் அது தனியாகப் பெருகவில்லை. அடினோவைரஸ் கூட இருந்தால்தான் பெருகியது. அதனால் மனிதருக்கு நோய் எதுவும் வருவதாகவும் தெரியவில்லை. ஒட்டிக்கொண்டு வந்த கலப்படம் என்ற அளவில், அடினோவைரஸின் பெயரை வைத்தே அதற்கும் பெயர் அமைந்தது. இன்று ஆய்வகங்களில் அது ஏஏவி.

உயிருள்ள எலியின் மூளையில் நியூரான்கள் மின்னி மின்னி அணையும் காட்சிகளை இப்போது சாதாரணமாகப் பார்க்கிறோம். அந்த ஒளியைத் தரும் புரதத்தின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. 2008இல் நோபல் பரிசும் வந்துவிட்டது. அதை மூளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த கதைக்கு அந்தப் புகழில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. இது நியாயமில்லை. புரதம் சோதனைக் குழாயில் எவ்வளவு அழகாக ஒளிர்ந்தாலும், மண்டையோட்டுக்குள் இருக்கும் நியூரானுக்குள் போய்ச் சேராதவரை மூளையைப் பற்றி அது எதையும் சொல்லாது.

புரதம் வந்த வழியைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1961 கோடையில் ஒசாமு ஷிமோமுராவும் ஃபிராங்க் ஜான்சனும் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஃப்ரைடே ஹார்பரில் சுமார் 10,000 ஜெல்லி மீன்களைப் பிடித்து, அவற்றின் ஒளிரும் விளிம்பைக் கத்தரித்துப் பிழிந்தார்கள். ஒருநாள் வேலை முடிந்து கழுவுதொட்டியில் கொட்டிய சாறு பளீரென்று நீல ஒளி வீசியது. அந்தத் தொட்டிக்குள் கடல்நீர் வழிந்துகொண்டிருந்தது. கடல்நீரிலிருந்த கால்சியம்தான் ஒளியை மூட்டியிருந்தது. நீல ஒளி தரும் புரதத்தோடு பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதமும் கிடைத்தது. 1992இல் டக்ளஸ் பிராஷர் அந்தப் பச்சைப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தார். அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாக அனுப்பியும் வைத்தார். அவர் அனுப்பியதைக் கொண்டு மார்ட்டின் சால்ஃபி 1994இல் ஒரு சிறு புழுவின் நரம்பணுக்களை ஒளிரச் செய்தார். நோபல் அறிவிக்கப்பட்டபோது பிராஷர் ஆய்வுத் துறையிலேயே இல்லை. அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிப் பணம் நின்றுபோனதால் நேர்ந்தது அது. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் அவர் பெயரை நன்றியோடு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நியூரான் துடிக்கும்போது அதற்குள் கால்சியம் பல மடங்கு கூடுகிறது. ஆகவே கால்சியத்தைக் கண்டதும் ஒளிரும் புரதம் ஒன்று இருந்தால் துடிப்பையே பார்த்துவிடலாம். ரோஜர் சியனின் ஆய்வகம் 1997இல் அப்படி ஒன்றைச் செய்தது. 2001இல் ஜப்பானில் ஜுனிச்சி நாக்காய் குழு செய்தது இன்னும் எளிமையானது. பச்சைப் புரதத்தின் சங்கிலியை நடுவில் வெட்டி, பழைய முனைகளை ஒட்டவைத்து, புதிய முனைகளில் ஒன்றில் கால்சியத்தைப் பிடிக்கும் கால்மாடுலினையும் மற்றதில் கால்மாடுலின் கவ்வக்கூடிய சிறு துண்டையும் பொருத்தினார்கள். கால்சியம் வந்ததும் கால்மாடுலின் அந்தத் துண்டைக் கவ்வும். மங்கிக் கிடந்த புரதம் பிரகாசிக்கும். ஜிகேம்ப் என்று அதற்குப் பெயர்.

அழைக்காமல் வந்த அந்த வைரஸ் இங்கேதான் உள்ளே வருகிறது. 1984இலேயே ஃபுளோரிடாவில் ஹெர்மோனாட்டும் முஸிக்காவும் ஏஏவிக்குள் வேறு மரபணுவை ஏற்றி அனுப்ப முடியும் என்று காட்டியிருந்தார்கள். துகளின் விட்டம் சுமார் 25 நானோமீட்டர். அதற்குள் ஏறுவது கிட்டத்தட்ட 4,700 மரபணு எழுத்துகள்தான்; பல பெரிய மரபணுக்களுக்கு அதில் இடமே கிடையாது. ஜிகேம்புக்கோ 1,400 எழுத்துகள்கூட வேண்டாம். நியூரானில் மட்டும் அதை இயக்கும் தொடக்கப் பகுதியையும் சேர்த்து அனுப்பலாம். இப்படி ஒரு பொருத்தம் அமையாமல் போயிருந்தால் இந்தத் துறை இத்தனை வேகத்தில் வளர்ந்திருக்காது.

அனுப்பும் வேலை பெரும்பாலும் கைவேலைதான். மயங்கிய எலியின் தலையைச் சட்டகத்தில் அசையாமல் பொருத்துகிறார்கள். மண்டையோட்டின் தையல்கள் சந்திக்கும் புள்ளியிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, எலும்பை மெல்லத் தேய்த்துத் துளையிடுகிறார்கள். மயிரிழையைவிட மெல்லிதாக இழுத்த கண்ணாடிக் குழாய் மூளைக்குள் இறங்கும். சில பத்து நானோலிட்டர் திரவத்தை நிமிடக்கணக்கில் செலுத்துவார்கள். அவசரப்பட்டால் திரவம் குழாயின் பக்கவாட்டில் மேலேறி வந்துவிடும். பிறகு எலும்பு இருந்த இடத்தில் வட்டக் கண்ணாடி. அதன் பின் இரண்டு மூன்று வாரக் காத்திருப்பு.

காத்திருப்பும் அளவோடு இருக்க வேண்டும். வைரஸ் கொண்டுசேர்த்த மரபணு நிற்காமல் புரதத்தைச் செய்துகொண்டே போகும். நல்ல நிலையில் உள்ள நியூரானில் ஒளி உட்கருவைச் சுற்றி வளையமாகத் தெரியும். நடு இருட்டாக இருக்கும். அந்த இருட்டுக்குள்ளும் பச்சை நிரம்பிவிட்டால் அந்த நியூரானின் துடிப்பை இனி நம்பக் கூடாது. 2009இல் ஜனேலியா ஆய்வகத்தில் லின் டியான், லோரன் லூகர் ஆகியோர் ஜிகேம்ப்3ஐ வெளியிட்டபோதே இந்தச் சிக்கல் தெரிந்துவிட்டது. 2013இல் வந்த ஜிகேம்ப்6 தனித்தனி மின்துடிப்புகளையே காட்டும் அளவுக்குக் கூர்மையானது; ஊசி போடுபவரின் கவலை மட்டும் குறையவில்லை.

மூளைக்குள் ஊசியே வேண்டாம் என்று 2016இல் கால்டெக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெஞ்சமின் டெவர்மனும் விவியானா கிராடினாருவும் ஏஏவியின் ஒரு வகையான ஏஏவி9இன் மேலுறையில் ஏழு அமினோ அமிலங்களை விதவிதமாகச் செருகி, எண்ணற்ற வகைகளை எலிகளின் இரத்தத்தில் விட்டு, மூளைவரை போய்ச் சேர்ந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். பிஎச்பி.பி என்ற வகை, மூளையைக் காக்கும் இரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டி, பழைய ஏஏவி9ஐவிடக் குறைந்தது 40 மடங்கு அதிகமாக உள்ளே நுழைந்தது. இரத்தக்குழாயில் ஒரு ஊசி போட்டால் மூளை முழுக்க ஜிகேம்ப் போன்ற கால்சியம் உணர்வி பரவும்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. ஒரு எலி இனத்தில் கண்கட்டு வித்தைபோல் வேலை செய்த வைரஸ், பால்ப்-சி என்ற இன்னொரு இனத்தில் ஏறவே இல்லை. குரங்குகளிலும் பயன் தரவில்லை. காரணம் 2019இல் தெரிந்தது: வைரஸ் பற்றிக்கொண்டு நுழைந்தது எல்ஒய்6ஏ என்ற புரதத்தை. சில எலி இனங்களின் குழாய்ச் சுவரில்தான் அது தக்க வடிவில் இருக்கிறது. மனிதரிடமும் குரங்குகளிடமும் அந்த மரபணுவே கிடையாது. அந்தத் தேர்வு, எலிக்கு மட்டுமே உரிய ஒரு வாசலைக் கண்டுபிடித்திருந்தது.

அந்தத் தோல்வியிலிருந்துதான் தேடும் முறையே மாறியது. கண்ணை மூடிக்கொண்டு எண்ணற்ற உறைகளை விலங்கில் விடுவதற்குப் பதிலாக, மனித உடலில் உள்ள வாசலை முதலில் தேர்ந்தெடுத்து அதற்கேற்ற உறையைத் தேடத் தொடங்கினார்கள். 2024இல் பிராட் நிறுவனத்தில் டெவர்மன் குழு, இரும்பை மூளைக்குள் கொண்டுசெல்லும் மனித டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் ஏஏவி உறையை வெளியிட்டது. மனித ஏற்பி பொருத்தப்பட்ட எலிகளில் அது மூளைக்குள் நன்றாகவே நுழைந்தது. ஆனால் அந்த உறையின் நோக்கம் சிகிச்சை. உணர்விகளைப் பொறுத்தவரை, வலிப்பு அறுவையில் அகற்றப்பட்ட மனித மூளைத் திசுவைத் தட்டில் உயிரோடு வைத்து, அதன்மேல் ஏஏவியைச் சொட்டவிட்டு நியூரான்களை ஒளிரவைக்கும் வேலை சில ஆய்வகங்களில் நடக்கிறது.