தேயிலையைக் காத்த தீர்வை

இலங்கையின் கோப்பித் தோட்டங்களிலே இலைத்துரு நோய் 1869ஆம் ஆண்டிற் காணப்பட்டது. அதனை ஆராயும்பொருட்டு மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியல் அறிஞர் வந்ததோ 1880ஆம் ஆண்டிலாகும். காற்றிற் பரவும் பூஞ்சணமே நோய்க்குக் காரணம் என அவர் நிறுவினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. கோப்பிச் செய்கை வீழ்ந்தது.

பின்னர் மலைநாட்டில் தேயிலை பரவியது. ஒரு தோட்டக்காரர் செலவிட்டு விளம்பரம் செய்யின், பணம் கொடாத அயல் தோட்டக்காரரும் அதன் பயனைப் பெறுவர். ஆதலின், யாவரும் பங்கு செலுத்துமாறு சட்டத்தால் தீர்வை விதிக்கும்படி துரைமாரே அரசாங்கத்தை வேண்டினர். ஏற்றுமதித் தேயிலைமீது 1890களில் விதிக்கப்பட்ட அச்சிறு தீர்வை, அமெரிக்கா முதலிய நாடுகளில் இலங்கைத் தேயிலையின் பெயரைப் பரப்ப உதவியது.

விளம்பரம் சந்தையைத் தேடித் தரும். செடியின் நோயைத் தீர்க்காது. 1925ஆம் ஆண்டில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதற்கும் ஏற்றுமதித் தீர்வையே ஆதாரமாயிற்று. தலவாக்கலையில் அந்நிலையம் நிலைகொண்டது.

1946இல் கொப்புள நோய் என்னும் மற்றொரு பூஞ்சண நோய் தேயிலைக் கொழுந்தைத் தாக்கியது. இம்முறை ஆராய்ச்சியாளர் தோட்டங்களின் நடுவிலேயே இருந்தனர். செம்பு கலந்த மருந்தைத் தெளித்து நோயைக் கட்டுப்படுத்தும் முறை வகுக்கப்பட்டது. கோப்பிக்கு நேர்ந்த கதி தேயிலைக்கு நேரவில்லை.

தீர்வையை வேண்டிப் பெற்றவர் துரைமார். ஆனால், தீர்வை செலுத்திய ஒவ்வோர் இறாத்தல் தேயிலைக்கும் கொழுந்து கிள்ளியவை தொழிலாளரின் விரல்களே. தேயிலை பிழைத்த வரலாற்றில் அவர்களின் பங்கும் எழுதப்படவேண்டியதாகும்.