மன்னார்க் காணி வழக்குகளும் ‘கடல் கடந்த’ விதியும்

கொலை வழக்கென்றால் செய்தித்தாளில் முதற்பக்கம் உண்டு. காணி வழக்குக்கு உட்பக்கத்து மூலைகூடக் கிடையாது. என் நிருபர் வாழ்க்கை முழுவதும் நான் கண்ட வழமை இது. எனினும், வட இலங்கையின் சமூக வரலாற்றை எழுத முனைபவர் முதலிற் புரட்ட வேண்டியவை காணி வழக்கேடுகளே என்பது என் துணிபு. மன்னார்த் தீவு அதற்கு நல்ல சான்று.

முன்னாளில் காணி வழக்கை இருவர் சுமந்தனர். கட்சிக்காரரைச் சந்தித்து, உறுதிகளைத் திரட்டி, வழக்கைத் தாக்கல் செய்பவர் பிறக்கிராசியார். அதை நீதிமன்றில் எழுந்து வாதிடுபவர் அப்புக்காத்து. தந்தை செல்வா என நாம் போற்றும் எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1923இல் அப்புக்காத்தாகி, புதுக்கடையில் குடியியல் வழக்குகளிலேயே பெயரெடுத்து, 1947இல் இராணி வழக்குரைஞருக்கு அக்கால ஈடான அரச வழக்குரைஞர் பட்டம் பெற்றவர். மேடையில் உரத்துப் பேசாத அவரது இயல்புக்கு அத்தொழிலும் ஒரு காரணமென்று நான் எண்ணுவதுண்டு. காணி வழக்கில் குரலுக்கு வேலையில்லை. திகதிக்கும் தாளுக்குமே வேலை. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் இரு பிரிவையும் ஒன்றாக்கி ‘சட்டத்தரணி’ என்ற ஒரே பெயரைத் தந்தது.

மன்னாரில் இத்தொழில் செய்பவர் ஒரே வேலிக்கு இருபுறமும் இருவேறு சட்டங்களை அறிந்திருக்க வேண்டும். ஒருபுறம், ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை: சீதனம், ஒற்றி, பங்காளிக்குரிய முன்கொள்வனவு உரிமை. மறுபுறம், முஸ்லிம் குடும்பத்தின் பங்கு பிரிப்பு. அதற்கு 1931இன் தனிச்சட்டம். இரண்டுக்கும் பொதுவாக, நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு எழுதாத காணி விற்பனை செல்லாது என்னும் 1840இன் கட்டளைச் சட்டம். காணியை ஈடு வைத்துக் கடன் பெறுவதாயினும் பதிவகத்து ஏட்டில் எவர் முந்தினார் என்பதே கேள்வி. முன் எழுதிய உறுதியை, பின் எழுதி முன் பதிந்த உறுதி வென்றுவிடக்கூடும்.

இவை அனைத்துக்கும் மேலாக ஒரு கடிகாரம் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டு இடையூறின்றிக் காணியை ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். ஆட்சியுரிமை என்பது இதுவே. தன் சொத்தைப் பத்து ஆண்டு எட்டிப் பாராதவனுக்கு நீதிமன்றம் ஏன் காவலிருக்க வேண்டும் என்பது இதன் நியாயம். அமைதியான நாட்டுக்கு இது பொருந்தும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேறப் பணித்தனர். ஏறத்தாழ 75,000 பேர். எருக்கலம்பிட்டி மக்கள் கடல்வழியே கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தனர். புத்தளம் அவர்களது ஊராயிற்று. அதே ஆண்டில் பேசாலை, தலைமன்னார்ப் பகுதித் தமிழர் போருக்கஞ்சிப் படகேறி இராமேசுவரம் கரைக்குச் சென்று மண்டபம் முகாமில் தங்கினர். வெறுமையான வீடுகளிற் குடிபுகுந்தோரிற் பலரும் வேறிடங்களிலிருந்து துரத்தப்பட்டவர்களே. கடிகாரம் ஓடத் தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டில் பத்து நிறைந்தது. போரோ 2009 மே வரை நீண்டது.

கடிகாரத்தை நிறுத்தச் சட்டத்தில் வழியே இல்லையா? இருந்தது. 1871இன் சட்டத்து 13ஆம் பிரிவு சிலருக்கு விலக்களிக்கிறது: பராயமடையாதோர், சித்தசுவாதீனமற்றோர், ‘கடல் கடந்து’ இருப்போர். கடல் கடந்து என்பதன் பொருள் நாட்டுக்கு வெளியே என்பதாகும். ஆகவே 30 கிலோமீட்டர் அளவே கடந்து மண்டபம் சேர்ந்தவருக்கு இப்பிரிவு துணை நிற்கும். அதைவிட நெடிய கடலைக் கடந்து கற்பிட்டியில் இறங்கியவரோ இலங்கையிலேயே இருந்தார், அவருக்கு எதுவுமில்லை. துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டவன் என்றொரு வகையை 1871இல் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த விலக்குக்கும் முப்பது ஆண்டு என்ற எல்லையுண்டு.

இந்நிலையில் தேர்ந்த காணிச் சட்டத்தரணி கேட்கவேண்டிய முதற்கேள்வி, “போகும்போது சாவியை யாரிடம் கொடுத்தீர்கள்?” என்பதாகவே இருக்கும். பார்த்துக்கொள்ளும்படி அயலவரிடம் ஒப்படைத்திருந்தால், அவர் அனுமதி பெற்று இருப்பவர். அவர் இருந்த ஆண்டுகள் உரிமையாளருக்கு எதிரானவையாகா. சாவியே கொடுக்காமல் ஓடியவரின் நிலைதான் கடினம். உறுதி தொலைந்தது அவ்வளவு பெரிய இடரன்று. நொத்தாரிசு அனுப்பிய இணைப்பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடலாம்.

2016இல் நாடாளுமன்றம் 5ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் வழக்கிட இயலாதிருந்தோருக்கு அக்காலத்தைக் கணக்கிற் சேர்க்கலாகாது என்றது. வெளியேற்றம் நிகழ்ந்து 26 ஆண்டு கழித்து வந்த இச்சட்டம் வழக்கிடக் குறித்த கெடு இரண்டே ஆண்டு. புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, தகப்பனின் காணியைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் அதற்குள் உறுதி தேடி, எல்லை அளந்து, செலவுக்குப் பணம் புரட்டி மன்னார் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

இன்னொன்று. அச்சட்டம் ‘பயங்கரவாதக் குழு’க்களின் செயலால் இழந்தோரையே பேசுகிறது. மன்னாரின் தென்கரையில் முள்ளிக்குளம் மக்கள் 2007 செப்டெம்பரில் படையினரால் வெளியேற்றப்பட்டனர். ஊரில் கடற்படைத் தளம் எழுந்தது. அவர்களது இழப்பு அந்த வாசகத்துள் எளிதில் அடங்காது. 2017 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவர்கள் தொடர்ந்து போராடிய பின்னரே 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது.