போலார்ஸ்டேர்ன் (கப்பல்)

போலார்ஸ்டேர்ன் என்பது ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகெனர் நிறுவனம் இயக்கும் பனியுடைப்பு ஆய்வுக் கப்பல் ஆகும். இப்பெயருக்கு ஜெர்மன் மொழியில் துருவ விண்மீன் என்பது பொருள். 118 மீட்டர் நீளமுள்ள இக்கப்பல் 1982 ஆம் ஆண்டில் சேவைக்கு வந்தது. பொதுவாக நவம்பர் முதல் மார்ச் வரை, தென் துருவக் கோடையில், அண்டார்க்டிக்கக் கடல்களிலும் எஞ்சிய காலத்தின் பெரும்பகுதியில் ஆர்க்டிக்கிலும் ஆய்வு செய்கிறது. 1.5 மீட்டர் தடிப்புள்ள பனியை நிற்காமலே உடைத்துச் செல்லும். பனி அதைவிடத் தடித்திருந்தால், பின்வாங்கி மோதி, முன்பகுதியைப் பனிமேல் ஏற்றித் தன் எடையால் நொறுக்கும்.

கப்பல் வாழ்க்கை

மாலுமிகளும் அறிவியலாளர்களுமாக ஏறத்தாழ நூறு பேர் இதில் பயணிக்கலாம். ஆய்வுக்கூடங்கள், சிறு மருத்துவமனை, வானிலை நிலையம், உலங்குவானூர்தித் தளம் ஆகியவற்றுடன் நீச்சல் குளமும் உண்டு. கப்பல் செலவு மிகுதியாதலால் ஆய்வுகள் இரவு பகலாக முறைவைத்து நடைபெறும். கோடையில் சூரியன் மறையாத தென்கோடியில் உறக்கத்தையும் உணவையும் கடிகாரமே தீர்மானிக்கிறது. ஒருவருக்குக் காலையுணவு வேளை, மற்றொருவருக்குப் பணி முடியும் வேளையாக இருக்கும்.

வடம் மூலம் இறக்கப்படும் கருவி நீரின் உப்புத்தன்மை, வெப்பநிலை, ஆழம் ஆகியவற்றை அளக்கும். அதனைச் சுற்றியுள்ள குப்பிகள் வேண்டிய ஆழங்களில் மூடிக்கொண்டு நீரைச் சேகரிக்கும். வெடல் கடலில் உருவாகும் குளிர்ந்த, உப்பு மிகுந்த நீர் அமிழ்ந்து பிற பெருங்கடல்களின் அடித்தளம் வரை பரவுவதால் இவ்வளவீடுகள் முதன்மை பெறுகின்றன.

பனிமீன் கூடுகள்

2021 பிப்ரவரியில் வெடல் கடலின் தென்பகுதியில், கடலடிக்குச் சற்று மேலே இழுத்துச் செல்லப்பட்ட ஒளிப்படக் கருவி வரிசையாக வட்டக் குழிகளைக் காட்டியது. அவை பனிமீன்களின் கூடுகள். பல கூடுகளில் ஒரு மீன் முட்டைகளைக் காத்துக் கிடந்தது. குருதியில் சிவப்பணு நிறமி அற்ற மீனினம் இது. 420 முதல் 535 மீட்டர் ஆழத்தில், சுமார் 240 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஏறத்தாழ 6 கோடி கூடுகள் இருக்கலாம் என 2022 இல் வெளியான ஆய்வுக்கட்டுரை மதிப்பிட்டது. படம்பிடிக்கப்பட்டது இதில் சிறு பகுதியே, எஞ்சியது கணிப்பு. அங்குள்ள அடிநீர் சூழவுள்ள நீரைவிட 2 பாகை வரை வெப்பமானது. வெடல் சீல்கள் இரைதேடி இப்பகுதியில் மூழ்குவதும் அறியப்பட்டுள்ளது.

வெடல் கடலைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக்கும் முன்மொழிவு 2016 இலேயே அண்டார்க்டிக்கக் கடல்வாழ் வளங்களுக்கான ஆணையத்தின் முன் வைக்கப்பட்டது. உறுப்பு நாடுகள் அனைத்தும் உடன்பட்டாலன்றி அங்கு எதுவும் நிறைவேறாது. 2024 கூட்டத்திலும் உடன்பாடு ஏற்படவில்லை.