விரைவும் மணிக்கணக்கும்: ஆங்கிலச் செய்தி நடையில் 'ரஷ்'

இங்கிலாந்தின் ஆம்புலன்ஸ் சேவைகள் ஒரு விபத்தைப் பற்றிப் பத்திரிகைகளுக்குத் தரும் அறிக்கை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். இத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, இன்ன வண்டிகளை அனுப்பினோம், ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். செய்தியாக அச்சேறும்போது அந்தக் 'கொண்டுசென்றோம்' அடிக்கடி 'ரஷ்ட் டு ஹாஸ்பிட்டல்' (மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லப்பட்டார்) ஆகிவிடுகிறது. அழைப்பு வந்த மணியோ கடைசிப் பத்திக்குத் தள்ளப்படுகிறது, அல்லது காணாமல் போகிறது. இது நடை சார்ந்த சின்னப் பழக்கம் அல்ல என்பதே என் வாதம். நேரம் இருக்க வேண்டிய இடத்தில் 'ரஷ்' என்ற வினை வந்து அமர்ந்துகொள்கிறது. வாசகர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் முன்பே அடைத்துவிடுகிறது.

அந்த வினைக்குச் செய்தியறையில் இவ்வளவு செல்வாக்கு ஏன் என்பது எளிதில் விளங்கும். நான்கே எழுத்து, தலைப்பில் அடங்கும். செயப்பாட்டு வினையாக வரும்போது செய்தவர் யாரென்று சொல்ல வேண்டியதும் இல்லை. 'கார்டியன்' நாளிதழின் நடைக் கையேடு மருத்துவமனைச் செய்திகளில் இதை விலக்கச் சொல்லியும் ஆங்கில இதழ்களில் பழக்கம் தொடர்கிறது.

வேல்ஸ் இளவரசி டயானாவின் கடைசி இரவு இதற்குத் தெளிவான சான்று. 1997 ஆகஸ்ட் 31 அன்று நள்ளிரவு கடந்து 12.23 மணியளவில் பாரிஸின் அல்மா சுரங்கப்பாதையில் கார் மோதியது. ஏறத்தாழ 1 மணிக்கு அவரை வெளியே எடுத்தார்கள். அப்போது இதயம் நின்றது. மருத்துவக் குழு அங்கேயே மீட்டது. 1.41க்குக் கிளம்பிய ஆம்புலன்ஸ் 2.06க்குத்தான் பிட்டியே-சால்பெட்ரியர் மருத்துவமனையை அடைந்தது. சுமார் 6 கிலோமீட்டர் தூரம், 25 நிமிடம். இரத்த அழுத்தம் குறைந்துகொண்டிருந்ததால் உள்ளே இருந்த மருத்துவர் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார். மருத்துவமனை நெருங்கிய நிலையில் நிறுத்திச் சிகிச்சையும் அளித்தார். பிரான்சில் அவசர ஊர்தியில் மருத்துவரே வருவார். நோயாளியை நிலைப்படுத்திய பிறகே நகர்த்துவது அங்குள்ள மரபு. இந்தப் பயணத்தையும் 'ரஷ்ட்' என்றே எழுதிய ஆங்கிலக் கட்டுரைகள் உண்டு.

அந்தப் பிழையின் விளைவு சிறியதல்ல. வேகம்தான் அக்கறை என்று பழக்கப்பட்ட வாசகருக்கு, உண்மையான நேரக்கணக்கு பின்னால் வெளிவந்தபோது மெதுவே ஓட்டியதே டயானாவைக் கொல்லும் சதிக்கு அடையாளமாகத் தோன்றியது. 2006 டிசம்பரில் வெளியான பிரிட்டிஷ் காவல்துறை விசாரணை அறிக்கை அந்த ஆம்புலன்ஸின் நகர்வை நிமிடக்கணக்கில் ஆராய வேண்டியிருந்தது. சதி ஊகங்களுக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் இந்த ஒரு சந்தேகத்துக்கு இடம் விட்டது செய்திமொழி ஊட்டிய எதிர்பார்ப்பு என்றே கருதுகிறேன்.

சொல் பொருந்தும் இடமும் உண்டு. 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரேகனின் கார் முதலில் வெள்ளை மாளிகை நோக்கித் திரும்பியது. அவர் வாயில் இரத்தத்தைக் கண்ட பாதுகாவலர் ஜெரி பார் மருத்துவமனைக்கு விடச் சொன்னார். சில நிமிடங்களில் சேர்ந்துவிட்டார்கள். இங்கே வேகம் ஓர் ஆள் எடுத்த முடிவு. அந்த முடிவைச் சொன்னாலே போதும், 'ரஷ்' தேவைப்படாது.

டயானா பற்றிய பிழையைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அடங்கும் இரண்டாம் வகை அழைப்புகளுக்கு இங்கிலாந்தில் சராசரியாக 18 நிமிடத்தில் ஆம்புலன்ஸ் சென்றடைய வேண்டும் என்பது இலக்கு. 2022 டிசம்பரில் அந்தச் சராசரி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. அந்த மாதத்தில் ஒரு நிருபர் வழக்கம்போல் 'ரஷ்ட்' என்று எழுதியிருந்தால், காத்துக் கிடந்தவரின் ஒன்றரை மணி நேரத்தை அவரே அழித்துவிட்டார் என்றுதான் பொருள்.

நாடாளுமன்றச் செய்திகளில் இதே வினை குற்றச்சாட்டாக மாறுகிறது. அங்கே மட்டும் எழுதுபவர் தேதிகளைத் தேடிப் போகிறார். பிரிட்டனில் தகவல்தொடர்புத் தரவுகளைச் சேமித்து வைப்பது பற்றிய சட்டமுன்வரைவு 2014 ஜூலை 14 அன்று அறிமுகமாகி, மறுநாளே கீழவையின் எல்லாக் கட்டங்களையும் கடந்து, 17 அன்று அரச ஒப்புதல் பெற்றது. 'ரஷ்ட்' என்ற விமர்சனத்துக்கு இந்த நான்கு நாள் கணக்கே சான்று. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்றும் தீர்ப்பளித்தது. அரசைக் குறைசொல்லும்போது கேட்கும் ஆதாரத்தை மீட்புப் பணியைச் சொல்லும்போதும் ஏன் கேட்பதில்லை?

'தகவல் அறிந்த போலீசார் சம்பவ இடத்துக்கு விரைந்தனர்' என்று நாளும் அச்சிடும் நம் நாளிதழ்களுக்கும் இதே கேள்வி உரியது. தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்பு எப்போது வந்தது, வண்டி எப்போது கிளம்பியது, எப்போது போய்ச் சேர்ந்தது என்று நிருபர் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த மூன்று நேரங்களையும் கேட்டு எழுதிய செய்தியில் 'விரைந்தனர்' என்பதற்கு வேலை இல்லை. தாமதம் நேர்ந்திருந்தால் அதுவே செய்தியின் முதல் வரி.