சோழியும் வாக்கியமும்

இராபர்ட்சன்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த சுரங்கக் குடியிருப்புகளிலும் வாழும் தமிழ் மக்கள் லெப்டினன்ட் வாரன் என்ற பெயரைக் கேள்வியுற்றிருப்பர். 1802ஆம் ஆண்டு மைசூர் எல்லையை அளக்க வந்த அவர், உரிகம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்களின் அருகே மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு குறிப்பெழுதினார். கோலார் தங்கவயலுக்கு அதுவே வித்தாயிற்று. பிரெஞ்சுக் குடியிற் பிறந்து ஆங்கிலப் படையிற் பணியாற்றிய அவரே, தமிழர் காத்துவந்த வேறொரு புதையலையும் உலகிற்குக் காட்டினார் என்பதைப் பலர் அறியார்.

சென்னை வானாய்வகத்தில் சில காலம் பொறுப்பு வகித்த வாரன், பின்னர்ப் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைச் சந்தித்தார். அவர் நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த சொற்களைக் கொண்டே 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் நான்கு நிமிஷம், நடுவில் இருபத்துமூன்று, முடிவில் ஐம்பத்திரண்டு, பிழை அவ்வளவே. இம்முறையை வாரன் அவ்வாண்டு வெளியிட்ட 'கால சங்கலிதம்' என்னும் நூலில் விளக்கினார்.

அம்முறை யாது? சந்திரன் பூமியை நெருங்கி, விலகி, மீண்டும் நெருங்கும் சுற்று ஏறத்தாழ இருபத்தேழரை நாள். ஒன்பது சுற்றுகள் 248 நாளில் நிறைவுறும். ஆகவே 248 சிறு வாக்கியங்கள் போதும். இன்னும் நுட்பமாக 110 சுற்றுகளுக்கு 3031 நாள்; 449 சுற்றுகளுக்கு 12372 நாள். கழிந்த நாட்களை 12372ஆல் வகுத்து, மீதியை 3031ஆல் வகுத்து, அதன் மீதியை 248ஆல் வகுத்தால், எஞ்சும் எண் எந்த வாக்கியம் என்று காட்டும். ஒவ்வோர் ஈவுக்கும் உரிய திருத்தத்தைச் சேர்த்தால் சந்திரனின் இடம் கிட்டும்.

எண்களும் சொற்களாகவே நின்றன. 'தேவரம்' என்றால் 248. மெல்லொலித் தகரம் எட்டு, வகரம் நான்கு, ரகரம் இரண்டு. வலமிருந்து படிக்க வேண்டும்.

மின்னணுக் கணிப்பொறி தோன்றிய காலத்தில், 1951ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜில் வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவர், ஒருமுறை எழுதிப் பலமுறை பயன்படுத்தத்தக்க சிறு கட்டளைத் தொகுதிகளை நூலாக்கினர். மறுமுறை சிந்திக்க வேண்டாதபடி ஒரு கணக்கைச் சிறு துண்டுகளாக்கிச் சேமிக்கும் அக்கருத்தை நம் கணியர் நெடுங்காலம் நாவிலே வைத்திருந்தனர்.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் முறையன்று. அப்புதுச்சேரிக் கணியர் தம் முறையின் காரணத்தை அறிந்திலர் என வாரன் எழுதினார். காரணம் அறியாதவர் கணக்கைச் செய்யலாம், திருத்த இயலாது. கேரளத்துப் பரமேசுவரரோ கிரகணங்களைத் தாமே பல்லாண்டு நோக்கி, 1431இல் 'திருக்கணிதம்' இயற்றிப் பழங்கணக்கைச் செப்பனிட்டார். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் இன்றும் வேறுபடுவதன் பொருள் இதுவே.

1952இல் நாய்கெபௌவர் என்னும் அறிஞர் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே இதனை ஆராய்ந்து, பாபிலோனியக் கணித மரபோடு இதற்குள்ள உறவைச் சுட்டினார். 1962இல் 'வாக்கிய கரணம்' சென்னையிற் பதிப்பிக்கப்பட்டது.

கோலார்ச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. எடுக்க எடுக்கக் குறைவது பொன். சொல்லிக்கொடுக்க வளர்வது கணக்கு. ஆனால் காரணத்தோடு சொல்லிக்கொடுக்க வேண்டும். அயல் மாநிலத்தில் நம் குழந்தைகளுக்குத் தமிழ் எண்களைக் கற்பிக்கும் நாம் இதனை மறத்தலாகாது.