மெலிவும் பருமனும் ஒரே வேரில்: விழுப்புரம் மாவட்டப் பிள்ளைகளின் உடல்எடை குறித்து

குழந்தைகளின் உடல்பருமனைப் பெருநகரத்து வசதியின் விளைவாகவே நாம் நெடுநாள் கருதி வந்தோம். அதற்கு ஆதாரமும் இருந்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னைப் பள்ளிகளில் 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவுகளின்படி ஆண்பிள்ளைகளில் 17.8 விழுக்காட்டினரும் பெண்பிள்ளைகளில் 15.8 விழுக்காட்டினரும் மிகை எடையுடன் இருந்தனர். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த அளவு குறைவாகவே காணப்பட்டது. இன்று அந்தப் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் புரிந்துகொள்ள முடியாது. நெல்லும் கரும்பும் மணிலா எனும் நிலக்கடலையும் விளையும் மாவட்டம் இது. இங்கே பருமன், வளர்ச்சிக் குறைவு நீங்கிய பிறகு வரவில்லை. அது இருக்கும்போதே வந்து சேர்கிறது.

ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) தமிழகம் முழுமைக்கும் தரும் எண்களைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. அதே கணக்கெடுப்பில் 15-49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். முந்தைய கணக்கெடுப்பில் அது 30.9 விழுக்காடு. உயரம் குறைந்த குழந்தையும் எடை கூடிய தாயும் ஒரே மாநிலத்தில், பல வேளைகளில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இவற்றை இரு வேறு சிக்கல்களாக எண்ணி, ஒன்றுக்குச் சத்துமாவும் மற்றொன்றுக்கு அறிவுரையும் வழங்குவது பிழை என்பதே என் வாதம்.

இதன் உடலியல் புனேயில் வெளிச்சத்துக்கு வந்தது. மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் புனே அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் எழுதினர். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. தசையும் வயிற்றுப்பகுதி உறுப்புகளும் நம் குழந்தைகளிடம் வெகுவாகக் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவிலேயே புரதமும் நுண்சத்தும் போதாமல் வளர்ந்த உடல், பின்னாளில் மாவும் சர்க்கரையும் தாராளமாகக் கிடைத்தால் உயரமாகவும் தசையாகவும் வளர்வதைவிடக் கொழுப்பாகவே சேர்த்து வைக்கிறது. எனவே பார்வைக்கு ஒல்லியான பத்து வயதுப் பிள்ளைக்கும் இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு இருக்கலாம். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் மிகை எடைக்கும் பருமனுக்கும் வகுத்த எல்லைக்கோடுகள், பெரியவர்களின் உடல்நிறைக் குறியீட்டில் 23, 27 என்ற தாழ்ந்த அளவுகளுக்கு இணையாக அமைந்ததற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் கேட்க வேண்டியது "எவ்வளவு சாப்பிடுகிறான்" என்பதை அல்ல, "எதைச் சாப்பிடுகிறான்" என்பதையே. நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பசியை விரட்டிய ஏற்பாடு அது, அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வீட்டுத் தட்டில் சோறு மேடாகவும் பருப்பு ஒரு கரண்டியாகவும் இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாருடன் தருகிறது. அதுவும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்து, ஊரிலிருந்து பேருந்தேறித் திண்டிவனம் வரும் பிள்ளையின் காலை உணவு பல நாள் ஐந்து ரூபாய் சிப்ஸ் பொட்டலமும் பத்து ரூபாய்க் குளிர்பானமும்தான். 200 மில்லி குளிர்பானத்தில் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. பெரியவர்களே நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாதென இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி வகுத்தது. அதைக் கொண்டு பெட்டிக்கடைக்காரரை மட்டும் விரட்டினால் அநியாயம். அவர் எதை விற்றால் பிழைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விடை இந்த மண்ணிலேயே இருக்கிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்ற பெயரில் மணிலா ரகங்களை வெளியிட்டுப் புகழ்பெற்றது. நூறு கிராம் மணிலாவில் 25 கிராம் புரதம் உண்டு. ஒரு கைப்பிடி வறுத்த மணிலாவின் புரதம் ஏறக்குறைய ஒரு முட்டைக்குச் சமம். அதில் கொழுப்பும் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் நாரும் புரதமும் சேர்ந்திருப்பதால் கைப்பிடியோடு வயிறு நிறைந்துவிடும், பொட்டலச் சிப்ஸ் அப்படி நிறைவு தருவதில்லை. மணிலா, சுண்டல், கொய்யா, வெள்ளரி விற்கும் கடைக்கு உள்ளாட்சி அமைப்பு வாயிலருகே இடம் தரட்டும். திண்டிவனத்தில் அமையும் சிப்காட் உணவுப் பூங்காவும் பள்ளிகளுக்கான கடலை உருண்டை, சிறுதானியப் பண்டங்களைத் தன் கடமைகளில் ஒன்றாகக் கொள்ளலாம்.

விளையாட்டைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. நாளுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக அளவுகோல். பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் நெடுங்காலம் கடைசி வரிசையில் நின்ற மாவட்டம் இது. அந்தப் பழியைத் துடைக்கும் அவசரத்தில் பி.இ.டி. பீரியடைக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொண்டன. இதில் மிகுதியாக இழந்தவர்கள் பெண்பிள்ளைகள். வயதுக்கு வந்ததும் அவர்களுக்கு மைதானம் மூடப்படுகிறது. நாளை கருவுறப் போகிறவர்கள் அவர்களே என்பதால், புனேயில் கண்ட சுழற்சியை அறுக்கும் இடமும் அவர்களுடைய உணவும் விளையாட்டும்தான்.

இன்னொரு எச்சரிக்கை. பருமனான பிள்ளையை வகுப்பில் எழுப்பி எடையைச் சத்தமாக வாசிப்பதும், பட்டப்பெயர் வைப்பதும், பட்டினி போடுவதும் கொடுமை. பயனும் இல்லை. வளரும் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு எடையை இறக்க வேண்டிய தேவையே எழாது. எடை நிற்க, உயரம் கூடினாலே உடல் சீராகிவிடும்.

நம்மிடம் உள்ள பெரிய ஓட்டை அளவீட்டில் இருக்கிறது. குடும்பநலக் கணக்கெடுப்பு ஐந்து வயதுக்குட்பட்டவர்களையும் பதினைந்து வயதைக் கடந்தவர்களையும் எடை பார்க்கிறது. இடைப்பட்ட பள்ளிப் பருவத்தை விட்டுவிடுகிறது. தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வருகின்றன. வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அந்தப் பதிவில் இல்லை. விழுப்புரம் மாவட்ட நிர்வாகமும் முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியும் கைகோத்து, தனியார் பள்ளிகள் உட்பட எல்லாப் பிள்ளைகளின் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவை ஆண்டுக்கொரு முறை அளந்து, பெயரின்றி ஒன்றியவாரியாக வெளியிட வேண்டும். அதற்கு வேண்டியவை ஓர் எடைக்கருவி, ஓர் அளவுநாடா, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர். அடுத்த கல்வியாண்டிலேயே அதைத் தொடங்குங்கள்.