அமைப்புப் பெயர்களும் அகராதியும்

சங்கம், கட்சி, கம்பெனி, சபை முதலிய அமைப்புகளின் பெயர்களை அகராதியில் சேர்க்கலாமா என்பது அகராதிக்கலையின் பழைய கேள்விகளுள் ஒன்று. பொதுச்சொற்களுக்குப் பொருள் சொல்வது அகராதியின் வேலை. ஆள், ஊர், அமைப்பு ஆகியவற்றின் பெயர்களைக் கலைக்களஞ்சியம் பார்த்துக்கொள்ளும் என்பது பரவலான வழக்கம். இலங்கையின் மலையகத்தில் இந்த வழக்கம் அப்படியே செல்லாது. ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் பிரிகிற நோர்வூட்டைப் போன்ற தோட்டப்புற நகரங்களில் அமைப்புகளின் பெயர்கள் வாய்ப்பேச்சில் புழங்கிப் புழங்கிச் சொற்களாகவே ஆகிவிட்டன.

ஆங்கிலத்தில் சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, சிறப்புப் பெயர்களோடு தொடர்புடைய சொற்களை விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் வெப்ஸ்டர் பேரகராதி 1934ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆள், ஊர்ப் பெயர்களுக்கு இடம் கொடுத்தது. 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டது. பிரான்சின் பெத்தி லரூஸ் 1905 முதல் வேறு வழி கண்டது. முதற்பாதியில் சொற்கள், பிற்பாதியில் பெயர்கள், நடுவே இளஞ்சிவப்புத் தாள்கள். இரண்டும் ஒரே அட்டைக்குள் இருக்கும், ஆனால் கலப்பதில்லை.

தமிழ் மரபு பெயர்களை ஒருபோதும் ஒதுக்கியதில்லை. தொல்காப்பியப் பெயரியல் உயர்திணைப் பெயர்களை வகைப்படுத்தும்போது குடிப்பெயரோடு குழுவின் பெயரையும் சேர்த்தே எண்ணுகிறது. திவாகர நிகண்டு தெய்வப் பெயர்த் தொகுதியில்தான் தொடங்குகிறது. அச்சு நூல்கள் பெருகிய பிறகே பெயர்களுக்குத் தனிநூல் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1902இல் மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அபிதானகோசத்தை வெளியிட்டார், 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி வந்தது. அபிதானம் என்றால் பெயர். சொல்லுக்கு ஒரு நூல், பெயருக்கு ஒரு நூல் என்ற பிரிவினையைத் தமிழில் நிலைநாட்டியவை இவ்விரண்டும் எனலாம்.

ஆனாலும் வேலி கடந்து வந்த பெயர்கள் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி என்ற ஒரே ஒரு வணிக அமைப்பைக் குறித்த ‘கும்பினி’ சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் (1924-1936) ஏறியது. கதைப்பாடல்களிலும் ஆவணங்களிலும் வாசகர் அதைச் சந்திப்பார், பொருள் தேடுவார், ஆகவே ஏறியது. அந்த முடிவு சரியானது. மலையகத்துப் பெயர்களையும் இதே அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்.

நோர்வூட் வட்டாரத் தோட்டங்களில் முதியவர்கள் காலத்தைக் கணக்கிடும் முறையைக் கவனித்தால் விஷயம் விளங்கும். வெள்ளைக்காரன் காலம், ஜனவசம காலம், கம்பெனி காலம் என்பார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. அவற்றில் பலவற்றை நடத்தியது மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை. அதன் சிங்களப் பெயரின் எழுத்துகளைக் கோத்தால் ‘ஜனவசம’. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்கு மாறியதும் ‘கம்பெனி’ என்ற சொல்லுக்கு இங்கே தனிப்பொருள் வந்துவிட்டது. மதுரையிலோ கோவையிலோ கம்பெனி என்றால் எந்தத் தொழிற்சாலையாகவும் இருக்கலாம். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அது சம்பளம் போடுகிற ஒரே நிர்வாகம். ‘ட்ரஸ்ட்’ என்பதும் அப்படித்தான். வெளியூரார் அதை அறக்கட்டளை என்று எடுத்துக்கொள்வார்கள். தோட்டத்தில் அது வீடமைப்பையும் பிள்ளைக் காம்பராவையும் (குழந்தைப் பராமரிப்பு நிலையத்தையும்) கவனிக்கிற பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். நகரக் கடைத்தெருவில் ‘சதொச’ இருக்கிறது. கூட்டுறவு மொத்த விற்பனை நிலையத்தின் சிங்களப் பெயர்ச் சுருக்கம் அது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அதில் ஓர் எழுத்துக்கூடப் பொருள் தராது. இருந்தும் ‘சதொசயில சீனி வந்திருக்கு’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

இத்தகைய சொற்களுக்கு அகராதியில் இடம் இல்லை என்பது வாசகரைக் கைவிடுவதாகும். உறுப்புகளைப் பிரித்தால் பொருள் கிடைக்கிற பெயர் வேறு, கிடைக்காத பெயர் வேறு. ‘இலங்கைப் போக்குவரத்துச் சபை’ என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை, ‘இ.போ.ச.’ என்பதற்கு வேண்டும். ‘பிரதேச சபை’ அகராதிச் சொல். அம்பகமுவ பிரதேச சபையிலிருந்து பிரிந்து 2018இல் இயங்கத் தொடங்கிய நோர்வூட் பிரதேச சபை கலைக்களஞ்சியத்துக்கு உரியது.

தொழிற்சங்கப் பெயர்களில்தான் சிக்கல் கூடுதல். 1939 ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்திருந்தபோது உருவான இலங்கை இந்திய காங்கிரஸின் தொழிற்சங்கப் பிரிவு, 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) ஆயிற்று. இடையில் நடந்தது 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம். மலையக மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களான அந்தக் காலத்தில்தான் பெயரிலிருந்து ‘இந்திய’ போனது. 1956இல் அப்துல் அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். 1965இல் வி. கே. வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தையும், 1989இல் பெ. சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியையும் தொடங்கினர். ஒரு பெயர் ஏன் மாறியது, யார் பிரிந்தார், எதற்காகப் பிரிந்தார் என்பதை அகராதியின் இரண்டு வரிப் பதிவில் அடக்க முடியாது. அடக்க முயன்றால் வரலாறு சிதையும்.

நடுநிலையும் பார்க்க வேண்டும். ஒரே தோட்டத்தில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்காரர்கள் வெவ்வேறு சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள். ஒன்றைச் சேர்த்து மற்றொன்றை விட்ட அகராதியை அங்கே யாரும் நம்பமாட்டார்கள். அங்கத்தவர் தொகையையோ தலைவரின் செல்வாக்கையோ பார்த்துத் தேர்வது தவறு. எழுத்திலும் பேச்சிலும் விளக்கமின்றி வழங்குகிறதா என்பது ஒன்றே அளவுகோலாக இருக்க வேண்டும். வீரகேசரியும் தினகரனும் ‘இ.தொ.கா.’ என்று விரிக்காமலே தலைப்புப் போடுகின்றன. அப்படி அச்சில் வழங்குகிற சுருக்கம் எந்தச் சங்கத்தினுடையதானாலும், அதை விரித்துக் காட்டும் ஒரு வரி அகராதியில் இருக்கலாம். ‘காங்கிரஸ்’ என்ற பதிவில் இந்தியக் கட்சியைச் சொன்ன கையோடு, மலையக வழக்கில் அது ஒரு தொழிற்சங்கத்தைக் குறிக்கும் என்பதையும் எழுத வேண்டும். காங்கிரஸ்காரர் என்று தோட்டத்தில் ஒருவரைச் சொன்னால் அவர் கதர் கட்டியவர் அல்லர், இ.தொ.கா. அங்கத்தவர்.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது; அதன் பின்வந்த பதிப்புகள் இலங்கை வழக்குகளைத் தனியே குறித்துக் காட்டுகின்றன. மலையக வழக்குக்கும் அப்படி ஒரு குறி இட்டு ஜனவசமவையும் சதொசவையும் சேர்ப்பதில் முறைப்படி எந்தத் தடையும் இல்லை.

மீதிப் பெயர்களுக்கு, மானிப்பாயில் ஒருவர் முன்னின்று செய்ததைப்போல, மலையகத்துக்கென ஓர் அபிதானகோசம் தேவை. எந்தச் சங்கம் எந்த ஆண்டில் பதிவானது, எதிலிருந்து பிரிந்தது, எதனோடு சேர்ந்தது, எந்தத் தோட்டத்தில் அதன் முதல் கிளை இருந்தது என்ற தகவல்களில் பெரும்பகுதி பழைய சந்தாத் துண்டுகளிலும் தோட்டத் தலைவர்களின் நினைவிலுமே இருக்கிறது. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் அந்தத் துண்டுகளைத் திரட்டும் வேலையை இப்போதே கையிலெடுக்க வேண்டும்.